காசு கேட்காத ஆய்வுக்கூடம்

(ஆவடி பகுதிக் கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எம்பொண்ணு பத்தாவது படிக்கிறா. மின்னோட்டப் பாடம்னாலே பயம். “பதினொண்ணாவதுல சயின்ஸ் குரூப் வேணாம்மா”ன்னு அழுதா. வீடு தேடி வந்த ஒருத்தர், ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வீடியோ பாடம் வாங்கச் சொன்னார். குழுவில் உள்கடன் கேட்கத் துணிஞ்சிட்டேன். அப்போதான் எங்க ஊக்குநர் ‘ஃபெட்’ பற்றிச் சொன்னாங்க. செல்லில் பி, எச், இ, டி என்று தேடினால் வரும்.

2001-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கியது இது. கட்டணம் கிடையாது. தமிழிலும் சில சோதனைகள் உண்டு.

திரையில் பாட்டரி, ஒயர், பல்பு இருக்கும். விரலால் இழுத்து இணைக்கணும். தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழட்டினா மற்றதும் அணையுது. பக்க இணைப்பில் மற்றது எரியுது. “நம்ம வீட்டு ஒயரிங் இப்படித்தாம்மா”ன்னு அவளே எனக்குச் சொன்னா! தப்பா இணைச்சா பாட்டரி தீப்பிடிக்கும், திரையில்தான். அழிச்சிட்டு மறுபடி செய்யலாம்.

நம்ம நாட்டிலும் அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக்கும் சேர்ந்து, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரைக்கும் ‘ஓலேப்ஸ்’ உருவாக்கியிருக்காங்க. அதுவும் இலவசம்.

ஆனா, செல்லைக் கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன் அணைஞ்சுது?”ன்னு கேளுங்க. நமக்குப் பதில் தெரியணும்னு இல்லை. புரியாததை மறுநாள் பிள்ளை ஆசிரியர்கிட்ட கேட்கட்டும்.

கடன் நான் வாங்கலை. எந்த குரூப் எடுப்பாளோ, அது அவ விருப்பம். ஆனா பயந்து ஒதுங்க மாட்டா.