தகட்டைத் தொடாத ஊசி

ஒரு சாக்பீஸின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே கறுப்பு மையால் புள்ளி வைத்து, புள்ளி நனையாத அளவு தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். நீர் ஏற ஏற, கறுப்புக்குள் ஒளிந்திருந்த நிறங்கள் தனித்தனியாகப் பிரியும்.

ஆய்வகத்தில் இதையே சிலிக்கா ஜெல் பூசிய தகட்டில் செய்கிறார்கள். மென்படல வண்ணப்பிரிகை என்று பெயர். 1938-இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்ற இரு ஆய்வாளர்கள் மூலிகைச் சாறுகளைப் பரிசோதிக்கத் தொடங்கி வைத்த முறை இது.

சிக்கலெல்லாம் புள்ளி வைப்பதில்தான். மெல்லிய கண்ணாடிக் குழாயைக் கையால் வைக்கும்போது சற்றே அழுத்தினால் போதும், புள்ளி பரந்துவிடும், படலத்திலும் கீறல் விழும். காலையில் ஒருவர் வைத்ததும் மாலையில் இன்னொருவர் வைத்ததும் ஒத்துப்போகாது.

இன்று அதைக் கருவி செய்கிறது. அதன் ஊசி தகட்டைத் தொடுவதே இல்லை. நைட்ரஜன் வாயுவின் உதவியோடு, மாதிரியை 8 மில்லிமீட்டர் கோடாகத் தெளிக்கிறது. ஈரக்காற்று பட்டால் முடிவு மாறும் என்பதால், பிறகு தகட்டை வைக்கும் பெட்டியின் ஈரப்பதத்தையும் இயந்திரமே 33 சதவீதத்தில் நிறுத்துகிறது. நம்மூர் மழைக்காலத்துக்கு இது பெரிய உதவி!

மஞ்சள்தூளை இப்படி ஓட்டினால் குர்குமின் வகைகள் மூன்று மஞ்சள் கோடுகளாக வரும். மெட்டானில் யெல்லோ சாயம் கலந்திருந்தால், அந்த மூன்றோடு சேராமல் தனியே ஒரு கோடு நிற்கும்.