தேய்ந்த பல்லும் தீயின் பதமும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து வருவோர் பிலிமத்தலாவையை அதன் பித்தளைக் கடைகளைக் கொண்டே அறிந்துகொள்வர். குத்துவிளக்கும் மணியும் தட்டமும் அங்கே ஒளிவீசி நிற்கும். அவற்றை வார்ப்பவர்களுக்கு வேண்டிய முதல் வித்தை தீயின் பதம் அறிதல். அதே வித்தை, எங்கள் ஊரில் பழைய மோட்டார் வண்டி ஒன்றைக் காப்பாற்றிய செய்தியை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன். கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபருக்கு இயந்திரத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் அருகில் நின்று பார்த்தேன். ஒரு பாடமும் படித்தேன். அவ்வளவே என் தகுதி.

என் அயலவர் ஒருவரிடம் அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி. வண்டி ஒன்று உண்டு. 1949 முதல் 1953 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் செய்யப்பட்ட டி.டி. என்னும் வகை, இருவர் மட்டுமே அமரக்கூடிய திறந்த வண்டி, நான்கு சிலிண்டர்களும் 1250 கன சதமமீற்றர் கொள்ளளவும் உடைய எஞ்சின். சில நாட்களில் அது உடனே இயங்கும். வேறு சில நாட்களிலோ இரும்பு அரைபடும் ‘கறகற’ ஓசை மட்டுமே கேட்கும். ஸ்டார்ட்டரைப் பழுதுபார்த்தும் பயனில்லை. “உதிரிப்பாகங்களாகவாவது விற்றுவிடுகின்றேன்” என்று ஒரு நாள் மனம் வெதும்பிக் கூறினார்.

எங்கள் பாடசாலையிற் படித்து, சாதாரண தரப் பரீட்சையில் தவறிய மாணாக்கன் ஒருவன் இப்போது கராஜ் நடத்துகின்றான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையிற் ‘கவனம் போதாது’ என்று எழுதியவன் நானே. அவனை அழைத்து வந்தோம். அவன் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. வண்டியைக் கியரிற் போட்டு, ஒரு முழத் தூரம் முன்னே தள்ளி, மீண்டும் ஸ்டார்ட்டரை இழுத்தான். எஞ்சின் இயங்கியது.

“சேர், ஸ்டார்ட்டரில் பிழையில்லை. பிளைவீலின் பல்லிலேதான் பிழை. அதுவும் இரண்டே இடங்களில்” என்றான்.

“கழற்றிப் பாராமல் எப்படித் தம்பி சொல்கின்றாய்?” என்று கேட்டேன்.

அவன் கூறிய விளக்கம் இதுதான். எஞ்சினின் பின்புறத்தில் பிளைவீல் என்னும் கனத்த சில்லு உண்டு. அதன் விளிம்பை எஃகுப் பல்வளையம் ஒன்று இறுகப் பற்றியிருக்கும். ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பாய்ந்து வந்து இவ்வளையத்தைக் கௌவித்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றது. நான்கு சிலிண்டர் எஞ்சினில், ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஏதேனும் ஒரு சிலிண்டரில் வாயு அமுக்கப்படும். ஓடி நிற்கும் எஞ்சின் அந்த அமுக்கத்தை வெல்ல மாட்டாமல் நின்றுவிடும். ஆகவே அது எப்போதும் ஏறக்குறைய அதே இரண்டு நிலைகளில்தான் நிற்கும். ஆண்டுதோறும் அடி விழுவதும் அதே பற்களில்தான்.

கியர்பெட்டியையும் கிளச்சையும் கழற்றிய பின் கண்டோம். வளையத்தில் எதிரெதிரான இரண்டு இடங்களிற் பற்கள் தேய்ந்திருந்தன. ஏனையவை நன்றாகவே இருந்தன. “வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டால் என்ன?” என்றார் அயலவர். “போடலாம் ஐயா, சில காலத்துக்கு ஓடும். பிறகு நாலு இடத்திற் தேய்ந்திருக்கும்” என்றான் அவன். ஆகவே புதிய வளையம் தருவிக்கப்பட்டது.

பழைய வளையத்தில் இரு பற்களுக்கு நடுவே துளையிட்டு, உளியால் அடித்துப் பிளந்து, பிளைவீலிற் கீறல் விழாமல் நீக்கினான். புதிய வளையமோ பிளைவீலை விடச் சற்றுச் சிறியது; குளிர்ந்த நிலையில் ஏறாது. அதனை வட்டமாகச் சீராகச் சூடேற்றினான். எஃகு முதலில் வைக்கோல் நிறம் கொண்டது, பின்னர் ஊதா, பின்னர் மெல்லிய நீலம். அந்த நீலம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் காட்டும் அடையாளம். 30 சதமமீற்றர் விட்டமுள்ள வளையம் அவ்வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விரியும். சூடு 400 பாகையைக் கடந்தால் பற்களின் பதம் கெட்டுவிடும். பித்தளை உருகுவதற்கு 900 பாகைக்கு மேல் வேண்டும். இங்கே வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆயினும் இரண்டிடத்தும் வேண்டிய கண் ஒன்றே.

பற்களின் சரிந்த ஓரம் ஸ்டார்ட்டரின் பற்சக்கரம் நுழையும் பக்கத்தை நோக்கியிருக்கின்றதா என்று இருமுறை பார்த்து, வளையத்தை இடுக்கியாற் பற்றி ஏற்றினான். அது தானாகவே தன் இடத்தில் அமர்ந்தது.

மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை ஏற்றியதும் தண்ணீர் ஊற்றுவதைச் சிறுவயதிற் கண்டவன் நான். அருகிலிருந்த வாளியைத் தூக்கிவிட்டேன். அவன் விரைந்து வந்து என் கையைப் பற்றினான்.

“வேண்டாம் சேர். அங்கே தண்ணீர் ஊற்றுவது மரம் எரிந்துவிடாமல் இருக்கத்தான். இங்கே எரிய மரமில்லை. திடீரென்று குளிர்ந்தால் வளையம் கோணும், வெடிக்கவும் கூடும். தானாக ஆறட்டும்.”

நேயர்களே, அன்று கவனம் போதாதிருந்தவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வளையம் ஆறும்வரை இருவரும் வாங்கில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். மறுநாள் வண்டி முதல் இழுப்பிலேயே இயங்கியது. அயலவர் அதனை விற்கும் பேச்சை விட்டுவிட்டார்.

பழைய அறிக்கையில் எழுதியதை நான் இனித் திருத்த இயலாது. ஆனால் இப்போது தவணை முடிவில் அதே இரண்டு சொற்களை எழுதப் புகும்போது, பேனாவைச் சற்று நிறுத்துகின்றேன். இந்தப் பிள்ளையின் கவனம் எங்கே இருக்கின்றது என்று முதலில் விசாரித்துப் பார்க்கின்றேன்.