காப்பீட்டு அட்டையும் ஓர் அமானிதமே
(முதியோர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அண்மையில் முதியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய அனுமதியோடு, பெயர் கூறாமல் இதைச் சொல்கிறேன். "ஹஜ்ரத்! காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமென்று ஒருவன் போனில் கேட்டான். ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் ஏசுவார்கள்" என்றார். மூன்று நாட்களாக அதை மறைத்து வைத்திருந்தார். திருடனுக்கு அஞ்சவில்லை, தம் பிள்ளைகளின் நாவுக்கு அஞ்சினார்!

பெரியோர்களே! 70 வயது நிறைந்தோருக்கு, வருமான வரம்பின்றி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் திட்டத்தை மத்திய அரசு 29.10.2024 அன்று தொடங்கியது. அந்த அட்டை ஆதாரைக் கொண்டே வழங்கப்படுகிறது. எனவே ஓ.டி.பி.யைப் பிறரிடம் சொல்வது, பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நம் பெயரில் வேறொருவர் சிகிச்சை பெற்றால் கேடுகள் இரண்டு. நம் தேவைக்கு வைத்த தொகை குறைந்துவிடும். அவருடைய நோயும் இரத்த வகையும் நம் மருத்துவக் குறிப்பில் ஏறிவிடக்கூடும். இறந்துவிட்டதாகப் பதிவானவர்களின் பெயரிலும் பின்னர் சிகிச்சைக் கணக்குகள் எழுதப்பட்டிருந்ததை, 2023ஆம் ஆண்டு மத்திய தணிக்கை அறிக்கை எடுத்துக் காட்டியது.

ஆகவே, அட்டை இலவசம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்; அதற்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பதிவில் உங்கள் வீட்டுக் கைபேசி எண்ணையே கொடுங்கள். ஆதார் நகல் தரும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகல் போதுமா எனக் கேளுங்கள். மருத்துவமனையில் எழுதப்படாத தாளில் கையொப்பமிடாதீர்கள். இரக்கப்பட்டு உறவினருக்கு அட்டையை இரவல் தருவதும் மோசடியே. அவருக்கு உதவ வேறு வழி தேடுவோம்.

இளைஞர்களே! உங்கள் பெற்றோர் ஏமாந்ததாகச் சொன்னால், முதலில் ஏசாதீர்கள். முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். காப்பீட்டுப் புகாருக்கு 14555 உள்ளது. தாமதம் திருடனுக்கே இலாபம்.

அந்தப் பெரியவரின் மகனை அன்று மாலையே வரவழைத்தேன். அவர் ஏசவில்லை. தந்தையின் அருகில் அமர்ந்து, தம் கைபேசியிலிருந்தே புகார் செய்தார். பெற்றோரின் அட்டை மட்டுமன்று, அவர்கள் நம்மிடம் அச்சமின்றிப் பேசும் உரிமையும் நம் கையில் உள்ள அமானிதமே.