உழவர் துணைவர் நம்மாழ்வார்

 

தஞ்சை ஜில்லா இளங்காட்டில் 1938-இல் தோன்றிய நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை கற்றவர். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசாங்க உத்தியோகம் வாய்த்தது. விலைகொடுத்து வாங்கும் உரமும் மருந்துமிட்டுச் செய்யும் சோதனைகள் வானம்பார்த்த ஏழை உழவனுக்கு உதவாவெனக் கண்டு, அதனைத் துறந்தார். அவர் கூறிய யாவும் ஆராய்ச்சியாளர்க்கு உடன்பாடல்ல, அஃது ஒருபுறமிருக்க. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையால் நாகப்பட்டினத்து வயல்களில் உப்பேறியபோது, மனந்தளர்ந்த உழவரிடையே சென்று, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கியுழச் செய்து, அந்நிலங்களை மீட்கத் துணைநின்றார்.

தமிழாசிரியனாகிய யான் வியப்பது அவர் பேச்சை. பட்டம் பெற்றவராயினும், உழவன் மொழியிலேயே வேளாண்மையை உரைத்தார். ஏட்டுத்தமிழ் கற்ற நமக்கு அஃது எளிதன்று.

மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்கத் திட்டமிட்டனர். நிலக்கரிப் படுகையின் நீரை இறைத்தாலன்றி அவ்வாயு வெளிப்படாது. இறைத்தால் கிணறுகள் வற்றுமென்பது அவர் அச்சம். அதனை ஊரூராய்ச் சென்று எடுத்துரைத்துவருகையில், 2013 டிசம்பர் 30-இல், பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் திடீரெனக் காலமானார், அகவை 75. காவிரிப்படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமெனச் சட்டம் பிறந்தது 2020-இல். அதனை அவர் கண்டிலர். நம் சங்கத்தாரிற் பலர்க்கு அப்படுகையில் நிலமுண்டு. அதில் இன்றும் நாற்று நடுகின்றோம்.