குடகனாறும் என் அப்பாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரிக்கு வெளியே எனக்குக் கிடைத்த ஆசிரியர்" என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். என் அப்பாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஹாஸ்டல்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். உங்களுக்காகத் தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்து, வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போவாரே, அவர்தான். பீஸ் கட்ட வந்தாலும் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில்தான் நிற்பார். தன் மேல் தோல் வாடை அடிக்கும் என்று அவருக்குக் கூச்சம்.

வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும்தான். தோல் பதனிடும் ஊர் என்பது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். அப்பா ஒரு தோல் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி வரும். அதை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, முடி நீக்கி, சதை சீவ வேண்டும். அதற்கப்புறம்தான் பதனிடுவது. முன்பெல்லாம் ஆவாரம்பட்டைச் சாறு, பிற்பாடு குரோமியம். அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. விரல் நுனியெல்லாம் வெந்து வெள்ளையாக இருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வேறு ஆள். சைக்கிள் முன்பாரில் நான், பின் கேரியரில் அம்மா, அம்மா மடியில் தங்கச்சி, ஹேண்டில்பாரில் கட்டுச்சோறு. நேராகக் குடகனாறு.

காவிரிக் கரையில் பிறந்தவர்கள் பார்த்தால் இதையா ஆறு என்கிறாய் என்று கேட்பார்கள். பழனி மலையின் கீழ்ப்பகுதியில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி, அனுமந்தராயன்கோட்டை, வேடசந்தூர் என்று வடக்கே போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியில் சேரும். வருஷத்தில் பாதி நாள் மணலும் சீமைக்கருவேலும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தண்ணீர். "சின்ன ஆறுன்னு எளப்பமா நெனைக்காத. 1977-ல அழகாபுரி அணையவே ஒடச்சுட்டுப் போயிருக்கு" என்பார்.

மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. கெண்டைக்குக் கோதுமை மாவு உருண்டை, கெளுத்திக்கு மண்புழு. கெளுத்தி முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். அதை எப்படிப் பிடிப்பது என்று என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். விராலுக்கு மட்டும் தனிச் சட்டம் வைத்திருந்தார். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக நீர் மேலே வரும். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் கட்டாயம் மாட்டும். அப்பா போட மாட்டார். "அது புள்ள காக்குதுப்பா. வா, அந்தப் பக்கம் போவோம்."

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், வருஷத்துக்கு வருஷம் சைக்கிளை இன்னும் மேலே ஆத்தூர்ப் பக்கமாக மிதித்துக்கொண்டே போனார். ஏன் என்று கேட்டால், "மேலதான் மீன் ருசி" என்பார். நான் நம்பினேன்.

அந்த வருஷங்களில் தோல் ஷாப்புகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிக்கொண்டிருந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத தோல் தொழிற்சாலைகளை மூட வேண்டும். திண்டுக்கல் மாவட்டமும் அதில் உண்டு. அப்பாவின் ஷாப்பும் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. கூலி இல்லை. ரேஷன் அரிசியும் அப்பா பிடித்து வந்த ஜிலேபிக்கெண்டையும்தான் சாப்பாடு. அம்மா அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா ஒருவரையும் திட்டவில்லை. ஷாப் திறந்ததும் பழையபடி தொட்டிக்குப் போனார்.

மூன்றாம் வருஷம் நமக்குச் சுற்றுச்சூழல் பொறியியல் பாடம் வந்தது. வகுப்பில் படித்ததை அப்படியே வீட்டில் கொட்டினேன். "உங்க ஷாப்புத் தண்ணிதாம்ப்பா ஆத்தக் கெடுத்துச்சு, தெரியுமா?" என்று கேட்டேன். பெரிய மேதை மாதிரி. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்ப்பா. ஒன் பீஸும் அந்தத் தண்ணியிலேர்ந்துதான் வந்துச்சு" என்றார். அம்மா என்னை எழுந்து போகச் சொன்னாள். இருபது வருஷம் ஆகப் போகிறது. அந்தக் கேள்விக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து ஆற்றங்கரையில் அவராகவே பேச்செடுத்தார். "இந்தத் தண்ணிய நல்ல தண்ணியா மாத்த முடியுமா?" நான் உற்சாகமாகச் சொன்னேன். அழுக்கை நுண்ணுயிர் தின்றுவிடும். குரோமியத்தைப் படியவைத்து எடுத்துவிடலாம். உப்பு மட்டும் கரைந்தே நிற்கும். சவ்வு வழியாக அழுத்தினால் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறு பக்கம் கடும் உப்புநீர். அதை வெயிலில் காயவைத்தால் உப்பு. "அப்ப அந்த உப்ப எங்கப்பா கொண்டுபோய் வப்பீங்க?" என்றார்.

நான் இன்று கழிவுநீர் சுத்திகரிப்புத் துறையில்தான் வேலை செய்கிறேன். ஏ.சி. அறையில் படம் போட்டு அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தோல் ஊறவைத்த தண்ணீர் சில சமயம் அதையும் தாண்டும். வெளியே விடலாம் என்று வகுத்த அளவோ லிட்டருக்கு 2.1 கிராம்.

அன்றைக்கு அப்பா இன்னொன்றும் சொன்னார். "ஊறப்போடுறதுக்கு முன்னாடி தோல நல்லா ஒதறுனா கணிசமா உப்பு கொட்டிரும். பீஸ் ரேட்டுல எவன் நின்னு ஒதறுவான்?" எந்தப் புத்தகத்திலும் அந்தக் கூலிக் கணக்கை நான் படிக்கவில்லை. உப்பு உதறுவதைப் பற்றிப் புத்தகத்தில் உண்டு, உதறுகிறவனைப் பற்றி இல்லை. பிற்பாடு நான் போன ஒரு ஆலையில், உதறுவதற்கென்று தனிக்கூலி போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் போட்டார்கள். ஊறல் தொட்டியில் உப்பு குறைந்தது. அப்பாவிடம் போனில் சொன்னபோது, "சரி, சாப்ட்டியா?" என்றார்.

அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது. தூண்டில் கம்பு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. மயிலிறகுத் தக்கையை மட்டும் புதிதாகக் கட்டினேன். போன ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் போனேன். மதியம் வரை உட்கார்ந்தோம், ஒன்றும் மாட்டவில்லை. தாத்தா எந்த இடத்தில் உட்காருவார் என்று கேட்டாள். காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து புளிச்சோறு தின்றுவிட்டு வந்தோம்.