சங்கிலியைப் பார்த்தவர்கள்

(காரைக்கால் விழிதியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மாற்றுத்திறனாளிகள் நலம் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வீட்டிலோ காப்பகத்திலோ அவர்களை அடித்தால், பட்டினி போட்டால், கட்டி வைத்தால், அதை யார் போய் யாரிடம் சொல்வது?

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. உடனடியாக 25 பேர் மாண்டார்கள்; பிறகு சாவு 28 ஆயிற்று. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியும் தர்கா ஊர்; நாகூர் நமக்குப் பக்கம். நோயாளியோடு தர்காவுக்குப் போய் உட்காரும் குடும்பத்தின் நம்பிக்கையை இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குறை அந்த நம்பிக்கையில் இல்லை. அதைச் சுற்றிக் கொட்டகை போட்டுக் காசு பார்த்தவர்களிடம் இருந்தது. இன்றும் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தச் சங்கிலி ஒளித்து வைத்ததல்ல. பகலில் போனவர் வந்தவர் கண்ணிலெல்லாம் பட்டதுதான்.

பார்த்தும் கட்டு அவிழாததற்குக் கல்நெஞ்சம் மட்டும் காரணமில்லை. கட்டப்பட்டவருக்குச் சோறு போடுகிறவரே கட்டியவர்; அவர்மேல் இவர் எப்படிப் புகார் சொல்வார்? வீட்டாரோ, 'பிடிக்கலேன்னா கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டால் எங்கே கொண்டுபோவது என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். புகார் சொன்ன அன்று இரவு அந்த மனிதர் எங்கே படுப்பார் என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை, எத்தனை சட்டம் போட்டாலும் புகார் வராது.

ஆகவே அந்தச் சோற்றை நம்பி இராத ஒருவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரம விவகாரம் வெளிவந்தது அப்படித்தான். அங்கே சேர்த்த முதிய உறவினரைக் காணவில்லை என்று வெளிநாட்டில் இருந்த ஒருவர் விசாரிக்கத் தொடங்கினார். அது உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவாயிற்று. அதிகாரிகள் உள்ளே போனார்கள். 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடி, சங்கிலி, பாலியல் வன்கொடுமை என்று எழுந்த குற்றச்சாட்டுகள் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயின. ஒரே ஒருவர் விடாமல் கேட்டதில் இத்தனையும் நடந்தது.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற மருத்துவமனையில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் வதைபடுவதை, அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவரே நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் சொன்னார். யாரும் அசையவில்லை. 2011 மே மாதம் பி.பி.சி. ரகசியமாகப் படம்பிடித்து ஒளிபரப்பிய பிறகே நடவடிக்கை வந்தது. 11 பணியாளர்கள் தண்டனை பெற்றார்கள்.

உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்பு நமக்கும் உண்டு. நம் பக்கத்தில் பிறந்தநாள், திதி என்றால் காப்பகத்துக்குச் சாப்பாடு போடும் நல்ல வழக்கம் இருக்கிறது. கேட்டரிங் வேனில் சாம்பார் சாதமும் வடையும் பாயசமும் போகின்றன. வரிசையாக உட்கார்த்தி வைத்திருப்பார்கள். நம் கையால் பரிமாறுகிறோம், போட்டோ எடுக்கிறோம், வண்டி ஏறிவிடுகிறோம். அவர்கள் ராத்திரி படுக்கும் அறையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அடுத்த முறை பாருங்கள். கணுக்காலில் தழும்பு இருக்கிறதா? படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறதா? போன தடவை இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்ட அம்மா இந்தத் தடவை எங்கே? பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்களா? நேர்மையாக இல்லம் நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள். அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

பார்த்ததைச் சொல்லச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 7-ஆம் பிரிவு: கொடுமை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் சம்பவ எல்லைக்குரிய நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தெரிவிக்கலாம். ஆதாரம் திரட்டிக் கொண்டுவா என்று சட்டம் கேட்கவில்லை. நடுவர் மீட்க உத்தரவிடலாம், பாதுகாப்பில் வைக்கலாம், பராமரிப்புக்கும் வழிசெய்யலாம். அன்றிரவு எங்கே படுப்பது என்ற கேள்விக்கு ஏட்டில் விடை இங்கேதான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் பாடு. தன் பொறுப்பில் உள்ளவருக்குத் தெரிந்தே சோறு தண்ணீர் மறுப்பது 92-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. மனநோயாளி ஒருவரை வீட்டாரே வதைப்பதாக நம்பக் காரணம் இருந்தால், காவல் நிலையத்தில் சொல்வதை அது கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

பாதிக்கப்பட்டவரையே கூட்டிக்கொண்டு புகார் சொல்லப் போனால், 'அது பேசுறத யாரு நம்புவா' என்று ஸ்டேஷன் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் பட்டான் ஜமால் வலி வழக்கில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்ட பார்வையற்ற இளம்பெண், குற்றவாளியைக் குரலை வைத்து அடையாளம் காட்டினார். ஊனம் இருப்பதாலேயே ஒருவர் சாட்சியம் மட்டம் ஆகிவிடாது என்றது நீதிமன்றம். ஆயுள் தண்டனை நிலைத்தது.

காரைக்காலுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நாம் புதுச்சேரி ஆட்சியில், சுற்றிலும் தமிழ்நாடு. விழிதியூர்ப் பிள்ளை நாகப்பட்டினம் பக்கத்துக் காப்பகத்தில் இருந்தால், இங்கே 'அது அவங்க எல்லை' என்பார்கள், அங்கே 'நீங்க பாண்டிக்காரங்க' என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் சொல்லலாம். எல்லையைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. நடுவரிடம் போவதானால் மட்டும் சம்பவம் நடந்த இடத்து நடுவரிடமே போக வேண்டும். ஆட்கொணர்வு மனு என்று வந்தால் இரு பக்கத்துக்கும் சென்னை உயர்நீதிமன்றம் ஒன்றுதான்.

நடுவருக்கு எழுதும் மனு ஒரு பக்கம் போதும். எந்த இல்லம், எந்தத் தேதி, எத்தனை மணி, கண்ணால் கண்டது என்ன, காதால் கேட்டது என்ன; இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். உடனே மீட்டுத் தங்க இடம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கடைசி வரியில் கேளுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போய்க் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த நகலோடு மறுபடி போய்க் கேளுங்கள்.