பக்காசிக் கரையில் எழுந்த ஐயம்

நைஜீரியாவின் கலபார் துறைமுகத்தில் நின்றபோது சட்டம் கற்ற என் நெஞ்சு அமைதி கொள்ளவில்லை. 1884 இல் பழைய கலபாரின் மன்னரும் தலைவர்களும் பிரித்தானியாவின் பாதுகாப்பை ஏற்று ஒப்பமிட்டனர். 1913 இலோ, காவல் ஏற்ற அதே பிரித்தானியா பக்காசித் தீபகற்பத்தை ஜேர்மனியின் பக்கம் விட்டு எல்லைக்கோடு வகுத்தது. காவலாளி பொருளைக் கைமாற்றலாமோ? இதுவே ஹேக் நகரில் நைஜீரியா எழுப்பிய வாதம். 2002 இல் சர்வதேச நீதிமன்று அதனை ஏற்காது, தீபகற்பம் கமரூனுக்கே என்றது.

1994 இல் அங்கு இரு நாட்டுப் படைகளும் மோதிக் குருதி சிந்தியதை எண்ணுகையில், அத்தீர்ப்பை இகழ எனக்கு மனமில்லை. ஆயினும் பக்காசியில் வாழ்ந்தோரிற் பெரும்பாலார் நைஜீரிய மீனவர். கைமாற்றத்திற்கு முன் அவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தினாரில்லை. 2008 இல் கொடி மாறிற்று. பலர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். அவ்வழக்கில் நான் எப்பக்கம் நின்று வாதாடியிருப்பேன்? இன்னும் துணிய முடியவில்லை.